12406, 12407: பிரித்துக் கொடுக்கப்பட்ட ஒரு ஜோடி

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் ஒரு ரிவால்வர் இருக்கிறது. வரிசை எண் 12406. ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இன்னொன்று இருக்கிறது. அதன் எண் 12407. இரண்டும் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில், ஒரே தொழிற்சாலையில், 1853 வாக்கில் அடுத்தடுத்து எண் போட்டு, தங்கம் பதித்து ஜோடியாகச் செய்யப்பட்டவை. செய்த முதலாளி சாமுவேல் கோல்ட்டே அவற்றைப் பிரித்தார். ஒன்று துருக்கி சுல்தானுக்குப் போனது, மற்றொன்று ரஷ்ய ஜாருக்குப் போனது. அப்போது அந்த இரண்டு பேரும் ஒருவர்மீது ஒருவர் படை நடத்திக்கொண்டிருந்தார்கள்.

பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களிடம் "பெட்டியோடு ஜோடி" என்று சொன்னால் போதும், நிமிர்ந்து உட்காருவார்கள். ஒற்றைத் துப்பாக்கியைவிட இரண்டுக்கு இரண்டு மடங்கு விலை என்ற கணக்கு இங்கே செல்லாது. நல்ல ஜோடிக்கு விலை அதையும் தாண்டிப் போகும். அப்படியானால் இரண்டு துப்பாக்கிகளை ஜோடி ஆக்குவது எது? எண்ணா, வேலைப்பாடா, பெட்டியா, சேர்ந்து கிடந்த வருஷங்களா? இந்தக் கேள்விக்கு 12406-ஐயும் 12407-ஐயும் போல வசமாகச் சிக்கிய உதாரணம் வேறு இல்லை. ஜோடியாகப் பிறந்ததற்கு எல்லா அடையாளமும் உண்டு, ஜோடியாக வாழ்ந்ததற்கு எதுவும் இல்லை.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம்.

சாமுவேல் கோல்ட் செய்த ரிவால்வர்களில் டிராகூன் என்ற வகை, அதிலும் மூன்றாம் மாதிரி. குதிரைப் படைக்காகச் செய்தது என்பதால் அந்தப் பெயர். குழல் மட்டும் ஏழரை அங்குலம், முழு நீளம் பதினான்கு அங்குலம், குழல் துளையின் விட்டம் .44 அங்குலம். எடை நான்கு பவுண்டுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 1.9 கிலோ. இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கிற சாமான் இல்லை. குதிரைச் சேணத்தின் முன்பக்கம் இரண்டு தோல் உறைகள் தொங்கும், அவற்றில் ஆளுக்கு இரண்டு. ஜோடி என்ற வழக்கமே இந்த உறைகளிலிருந்து வந்ததுதான். அழகுக்காக யாரும் இரண்டு செய்யவில்லை, திரும்பக் குண்டு போட ஆகும் நேரத்துக்குப் பயந்து செய்தார்கள்.

அந்த நேரத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தால்தான் புரியும். இது தோட்டா போட்டுச் சுடும் ரிவால்வர் இல்லை. உருளையில் ஆறு அறைகள். ஒவ்வோர் அறையிலும் முன்பக்கமாகக் கருமருந்தைக் கொட்ட வேண்டும், இரண்டரை கிராம் அளவுக்கு. மேலே ஒரு ஈய உருண்டை. உருண்டை அறையின் வாயைவிட ஒரு மயிரளவு பெரியது, விரலால் அழுத்தினால் போகாது. குழலுக்கு அடியில் மடங்கியிருக்கும் நெம்புகோலை இறக்கினால் அது உருண்டையை உள்ளே தள்ளும். போகிறபோது ஈயத்தின் ஓரம் சீவப்பட்டு மெல்லிய வளையமாக வெளியே விழும். வளையம் முழுசாக விழுந்தால் அறை நன்றாக அடைபட்டது என்று அர்த்தம். அரைகுறையாக விழுந்தால் கவலைப்பட வேண்டும். ஓர் அறை வெடிக்கிறபோது பக்கத்து அறைக்கும் நெருப்பு தாவி, இரண்டு மூன்று சேர்ந்து வெடித்துவிடக்கூடும்.

அப்புறம் பின்பக்கம் திருப்பி, ஒவ்வோர் அறைக்கும் உள்ள சின்ன முனையில் ஒரு செப்புத் தொப்பியை மாட்ட வேண்டும். இதற்குக் கேப் என்று பெயர். தீபாவளிக்குப் பொட்டு வெடியைக் கல்லால் தட்டி வெடிக்க வைத்தவர்களுக்கு இதன் தத்துவத்தை விளக்கத் தேவையில்லை. அடி விழுந்தால் பொறி. இங்கே அந்தப் பொறியைக் கொடுப்பது பாதரச ஃபுல்மினேட். சுத்தி கேப்பின்மேல் விழுந்ததும் முனையின் துளை வழியாக நெருப்பு அறைக்குள் பாயும். இதையே ஆறு முறை செய்து முடிப்பதற்குள் எதிரி சும்மா நிற்க மாட்டான். அதனால்தான் பன்னிரண்டு குண்டுகளோடு இரண்டு ரிவால்வர்.

இன்னொரு அழகான ஏற்பாட்டைச் சொல்லாமல் நகர முடியவில்லை. கோல்ட் ரிவால்வரில் குழலையும் உடலையும் பிடித்துவைத்திருப்பது குறுக்கே அடித்த ஒரே ஒரு ஆப்பு. ஆப்பைத் தட்டி எடுத்தால் குழல் தனி, உருளை தனி, பிடியோடு உடல் தனி என்று மூன்று துண்டாகக் கழன்று வந்துவிடும். கருமருந்து சுட்டால் மண்டும் கசடைக் கழுவ இதைவிட வசதி கிடையாது. குறி பார்க்கும் பின் பள்ளத்தைச் சுத்தியின் மூக்கிலேயே வெட்டியிருப்பார்கள், சுத்தியை இழுத்தால்தான் அது கண்ணுக்கு நேராக வரும். சிக்கனமான மூளை.

அந்த மூளைக்குச் சொந்தக்காரர் பொறியாளரா வியாபாரியா என்றால், நான் வியாபாரி என்றுதான் சொல்வேன். கோல்ட் பிறந்தது 1814-ல். 1836-ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கி நியூ ஜெர்ஸியின் பேட்டர்சனில் தொழிற்சாலை தொடங்கினார். சில வருஷத்தில் அது திவாலானது. 1847-ல் மெக்சிகோ போருக்காக அமெரிக்க ராணுவம் வாக்கர் என்ற மாதிரியில் ஆயிரம் ரிவால்வர்களுக்கு ஆர்டர் கொடுத்த பிறகுதான் மறுபடி எழுந்தார். சொந்தத் தொழிற்சாலைகூட அப்போது இல்லை. வேறொருவர் ஆலையில் செய்து கொடுத்தார். 1851-ல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்ணாடி மாளிகையில் கடை விரித்தார். 1853-ல் லண்டனிலேயே, தேம்ஸ் கரையில், ஒரு கிளைத் தொழிற்சாலை திறந்தார்.

அவர் விற்ற முறை நம்மூர் மொய்க் கணக்கு மாதிரி. கொடுக்கிறபோது சிரித்த முகம், உள்ளே நோட்டில் பெயர் ஏறும். ராணுவ அதிகாரிகள், மந்திரிகள், மன்னர்கள் எல்லோருக்கும் வேலைப்பாடு செய்த ரிவால்வர் பரிசாகப் போகும். பெரிய இடத்துக்குப் பெரிய வேலைப்பாடு. 1854-ல் தன் காப்புரிமையை நீட்டிக்கச் சொல்லி அமெரிக்க நாடாளுமன்றத்தை அவர் கேட்டபோது, இந்தப் பரிசு விநியோகமே விசாரணைக்கு வந்தது. ஓர் உறுப்பினரின் சிறு வயது மகனுக்குக்கூட ரிவால்வர் போயிருந்தது தெரியவந்தது. நீட்டிப்பு கிடைக்கவில்லை. அதற்காக அவர் பழக்கத்தை விட்டதாகத் தெரியவில்லை. அதே 1854-ல்தான் 12407-ஐ எடுத்துக்கொண்டு ரஷ்யா போகிறார்.

வேலைப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஜோடி என்ற வாதத்தின் பாதி பலம் அதில்தான் இருக்கிறது.

ஹார்ட்ஃபோர்டில் கோல்ட்டுக்காகச் செதுக்கியவர்களில் முக்கியமானவர்கள் ஜெர்மன் நிலப்பகுதிகளிலிருந்து வந்து குடியேறியவர்கள். குஸ்தாவ் யங் அவர்களில் தலைவர் மாதிரி. இந்த இரண்டு ரிவால்வர்களையும் அவர் கைவேலை என்றே நிபுணர்கள் கருதுகிறார்கள். இலையும் கொடியுமாகச் சுருண்டு போகும் கோடுகள் ஜெர்மன் கைப்பழக்கம். சாதாரணச் செதுக்கலுக்கு இரும்பில் கோடு வெட்டினால் போதும். தங்கம் பதிப்பது வேறு கதை. உருவத்தின் எல்லைக்குள் இருக்கும் இரும்பைச் சற்று ஆழமாகத் தோண்ட வேண்டும். தோண்டிய பள்ளத்தின் கரை நேராக இறங்கக் கூடாது, அடியில் அகன்று உள்வாங்கியிருக்க வேண்டும். பள்ளத்தின் தரையைச் சொரசொரப்பாகக் கொத்தி வைப்பார்கள். அதன்மேல் மெல்லிய தங்கத்தை வைத்துத் தட்டத் தட்ட, தங்கம் இளகின மாவு மாதிரி அந்த உள்வாங்கிய கரைக்கடியில் போய் இறுகிக்கொள்ளும். பசை கிடையாது, பற்று கிடையாது. பிறகு அந்தத் தங்கத்தின்மேலேயே முகமும் முடியும் இறகும் செதுக்குவார்கள். தஞ்சாவூர்த் தட்டில் பித்தளைமேல் வெள்ளி உருவத்தைப் பொருத்தி ஓரத்தைத் தட்டி இறுக்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்த இறுக்கம் புரியும். இரும்பு பித்தளையைவிடப் பிடிவாதமானது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் துப்பாக்கி "வெள்ளையாக" இருக்கும்போது, அதாவது நீலப் பூச்சும் கடினப்படுத்தலும் நடக்கும் முன்பே செய்துவிட வேண்டும். கோல்ட்டில் உடலையும் சுத்தியையும் எலும்புக் கரியோடு சேர்த்துப் பழுக்கக் காய்ச்சி நீரில் தோய்ப்பார்கள். மேல்தோல் கண்ணாடிபோல் கெட்டியாகி, நீலமும் பழுப்பும் மேகம் மேகமாகப் படரும். அதற்குப் பிறகு உளி இறங்காது. இந்த ஒரு விஷயம் பின்னால் போலிகளைப் பிடிக்க உதவப் போகிறது என்பதால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

12406-ன் மேல் தங்கத்தில் இருப்பது ஜார்ஜ் வாஷிங்டனின் மார்பளவு உருவமும் அமெரிக்க அரசு முத்திரையும். ஒரு மன்னரின் ஆட்சியை எதிர்த்துப் போராடி நாடு வாங்கியவரின் முகத்தைச் சுல்தானின் கையில் கொடுக்கிறார் கோல்ட். யாருக்கும் அதில் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை. மன்னர்களுக்கான பரிசில் தன் நாட்டுச் சின்னம் இருந்தால், அது ஒரு தனி வியாபாரியின் பரிசாக மட்டும் தெரியாது, ஒரு தேசமே அனுப்பியதுபோல் தெரியும் என்று அவர் கணக்குப் போட்டிருப்பார் என்பது என் ஊகம்.

கேப் காலத்தில் கோல்ட் செய்த ரிவால்வர்கள் லட்சக்கணக்கில். 1851 நேவி என்ற மாதிரி ஒன்றே இரண்டு லட்சத்தைத் தாண்டியது. அவற்றுள் செதுக்கியவை ஓரளவு உண்டு. தங்கம் பதித்தவை மிகமிகக் குறைவு. அந்தக் குறைவிலும் இந்த இரண்டும் உச்சியில் இருப்பவை.

சரி, பிரிவுக்கு வருவோம்.

1853 அக்டோபரில் துருக்கி ரஷ்யா மீது போர் அறிவித்தது. நவம்பர் 30 அன்று சினோப் துறைமுகத்தில் ரஷ்யக் கடற்படை துருக்கிக் கப்பல்களைக் கொளுத்தியது. 1854 மார்ச்சில் பிரிட்டனும் பிரான்சும் துருக்கியின் பக்கம் சேர்ந்தன. கிரிமியப் போர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இதுதான். அமெரிக்கா இதில் நடுநிலை. நடுநிலை நாட்டு வியாபாரிக்கு இரண்டு பக்கமும் வாடிக்கையாளர்.

துருக்கி சுல்தான் அப்துல்மஜீத் கோல்ட்டுக்குப் புது அறிமுகம் இல்லை. முன்பே இஸ்தான்புல் பக்கம் போய்ப் பழக்கம் பிடித்தவர் கோல்ட். இந்த முறை சுல்தானுக்கு 12406. அதை வைத்துச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு: "ரஷ்யர்கள் என் ரிவால்வரை வாங்குகிறார்கள்" என்று துருக்கியர் காதிலும், "துருக்கியர்கள் வாங்குகிறார்கள்" என்று ரஷ்யர் காதிலும் அவர் ஓதினார் என்பது. கோல்ட்டைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். அந்த ஆளின் சுபாவத்துக்குப் பொருந்தித்தான் போகிறது. ஆனால் பொருந்துவது மட்டுமே ஆதாரமாகிவிடாது. அடுத்தடுத்த எண் போட்ட இரண்டு துப்பாக்கிகள் எதிரெதிர் அரண்மனைகளுக்குப் போனதே எனக்குப் போதுமான ஆதாரம். வாய்வார்த்தை என்னவாக இருந்தாலும் கையில் செய்தது இதுதான்.

ரஷ்யா பக்கம் அவருக்கு ஊர்க்கார உதவி கிடைத்தது. அப்போது அங்கே அமெரிக்கத் தூதராக இருந்தவர் தாமஸ் சீமோர், கோல்ட்டின் சொந்த மாநிலமான கனெக்டிகட்டின் முன்னாள் ஆளுநர். அவர் அழைத்துப்போய் அறிமுகம் செய்ய, 1854-ன் கடைசி மாதங்களில் கோல்ட் ஜார் முதலாம் நிக்கோலஸைச் சந்தித்தார். கிரிமியாவில் செவஸ்தோபோல் முற்றுகையில் குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்கள் அவை.

ஜாருக்குக் கொடுத்தது ஒன்று மட்டும் இல்லை, மூன்று. எல்லாம் தங்கம் பதித்தவை: டிராகூன் 12407, அதைவிடச் சிறிய நேவி, அதையும்விடச் சிறிய பாக்கெட் ரிவால்வர். இந்த இடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 12407 ஹார்ட்ஃபோர்டில் இருந்தவரை 12406-ன் இணை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அது வேறொரு வரிசையின் மூத்த உருப்படி ஆகிவிட்டது, அண்ணன் தம்பிகள் மாதிரி அளவு இறங்கும் மூன்றில் முதலாவது. ஜோடியை உடைத்து அதிலிருந்து வேறொரு தொகுப்பை உண்டாக்கியிருக்கிறார் கோல்ட். ஹெர்மிடாஜில் இன்று அதைப் பார்க்கிறவர் கண்ணில் அது ஒரு செட்டின் பகுதிதான், பிரிந்துபோன பாதி என்று தோன்றவே தோன்றாது.

நிக்கோலஸ் 1855 மார்ச்சில் இறந்துவிட்டார். போர் 1856 மார்ச்சில் பாரிஸ் உடன்படிக்கையோடு முடிந்தது. கோல்ட் 1862 ஜனவரியில் இறந்தார், வயது 47. மன்னர்கள் பதிலுக்குக் கொடுத்த பொடி டப்பா போன்ற பரிசுகளில் சில, அவர் மனைவி எலிசபெத்தின் வழியாக ஹார்ட்ஃபோர்டின் வாட்ஸ்வொர்த் அதீனியம் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மொய் நோட்டின் வரவுப் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜாரின் ரிவால்வர் அரண்மனைச் சேகரிப்பிலிருந்து அப்படியே அருங்காட்சியகச் சேகரிப்புக்குள் போனது. புரட்சியே நடந்தும் அது வீட்டை விட்டு வெளியே வரவில்லை என்று சொல்லலாம். சுல்தானின் ரிவால்வர் எதிர்த்திசையில் நடந்தது. துருக்கியை விட்டு வெளியேறி, தனியார் கைகளுக்கு வந்து, கடைசியில் ஓர் அமெரிக்கத் தம்பதியிடம் இருந்து 1995-ல் மெட்ரோபாலிட்டனுக்கு நன்கொடையாகப் போனது. புறப்பட்ட ஹார்ட்ஃபோர்டுக்கும் இப்போது இருக்கும் நியூயார்க்குக்கும் நடுவே சில மணி நேரப் பயணம்தான். இஸ்தான்புல் சுற்றி வந்திருக்கிறது.

இதற்கு நேரெதிரான ஒரு ஜோடியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கேள்வி கூர்மையாகும்.

2022 மே மாதம், இல்லினாய் மாநிலத்தின் ராக் ஐலண்ட் ஏல நிறுவனத்தில் ஒரு பெட்டி விற்றது. உள்ளே ரெமிங்டன் நிறுவனத்தின் நியூ மாடல் ஆர்மி ரிவால்வர்கள் இரண்டு. இவையும் .44, இவையும் கேப் வகை. உடல் முழுக்கச் செதுக்கல். தந்தப் பிடியில் யுலிசிஸ் கிராண்டின் முகம் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் தளபதியாக இருந்து பின்னால் ஜனாதிபதியான அதே கிராண்ட். அவருக்குப் போர்க்காலத்தில் பரிசாக வந்தவை. விலை 51 லட்சத்து 70 ஆயிரம் டாலர். 2018-ல் பொதுவில் தலைகாட்டும் வரை இப்படி ஒரு ஜோடி இருப்பதே சேகரிப்பாளர்களுக்குத் தெரியாது. கிராண்ட் அதைக் கட்லர் என்ற தன் பழைய நண்பருக்குக் கொடுத்துவிட, அந்தக் குடும்பத்திலேயே தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறது.

கிராண்ட் கொடுக்காமல் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. 1884-ல் அவர் கூட்டாளி ஏமாற்றியதில் எல்லாம் போயிற்று. கோடீஸ்வரர் வாண்டர்பில்ட்டிடம் வாங்கிய ஒன்றரை லட்சம் டாலர் கடனுக்காகத் தன் வாள்கள், பரிசுகள், நினைவுப் பொருட்கள் எல்லாவற்றையும் ஒப்படைத்தார். அவை பிறகு அரசுக்குப் போய் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இந்தப் பெட்டியும் அவரிடம் இருந்திருந்தால் அதே வழியில் போயிருக்கும், ஏலம் என்ற பேச்சே எழுந்திருக்காது.

அந்த ரெமிங்டன்களைச் செதுக்கியவர் நிம்ஷ்கே, நியூயார்க்கில் பட்டறை வைத்திருந்த இன்னொரு ஜெர்மன்காரர். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. நல்ல வேலையாக முடிந்தால் செதுக்கிய பரப்பில் மை தடவித் துடைத்து, கோடுகளுக்குள் மட்டும் மை தங்கும்படி செய்து, அதன்மேல் ஈரக் காகிதத்தை அழுத்தி ஒரு படி எடுத்து நோட்டில் ஒட்டிவைப்பார். அந்த நோட்டு தப்பிப் பிழைத்து, 1965-ல் புத்தகமாகவும் வந்தது. தன் கையெழுத்தைத் தானே பதிவு செய்து வைத்த செதுக்குக்காரர் என்பதால், நிம்ஷ்கே வேலை என்று ஒருவர் கதைவிட்டால் நோட்டைப் பக்கத்தில் வைத்துக் கோட்டுக்குக் கோடு ஒப்பிட முடிகிறது. கோல்ட் பக்கம் இப்படி ஒரு நோட்டு கிடைத்திருந்தால் எவ்வளவு சண்டை தீர்ந்திருக்கும்.

இனி, இப்படி ஒரு ஜோடி பெட்டியோடு முன்னால் வந்தால் விவரம் தெரிந்தவர் கை முதலில் எங்கே போகும்?

பெரும்பாலானவர்கள் தங்கத்தையும் தந்தத்தையும் பார்ப்பார்கள். விவரம் தெரிந்தவர் துப்பாக்கியைக் கவிழ்த்துப் பிடிப்பார். கோல்ட்டில் வரிசை எண் ஓரிடத்தில் மட்டும் இருக்காது. குழலின் அடி, உடல், விசைக்காப்பு, பிடியின் பின்பட்டை, உருளை, ஆப்பு என்று பல உறுப்புகளில் இருக்கும். மரப்பிடியைக் கழற்றினால் உள்ளே மையில் எழுதிய எண்கூட இருக்கலாம். ஆப்பு சின்னது, தொலையக்கூடியது. ஆப்பின் எண் ஒத்துப்போனால் மனசுக்குள் ஒரு நிம்மதி வரும். செதுக்குவதற்காக ஒதுக்கிவைத்த துப்பாக்கிகளின் எண் பக்கத்தில் கோல்ட் ஆலையில் சின்னப் புள்ளி மாதிரி ஓர் அடையாளம் குத்தும் வழக்கமும் இருந்தது. அந்தப் புள்ளி இருந்தால் செதுக்கல் ஆலையிலேயே நடந்தது என்பதற்குச் சாட்சி.

அடுத்து, முன்னால் நினைவில் வைக்கச் சொன்னது. செதுக்கல் பூச்சுக்கு முன்பா பின்பா? ஆலையில் செதுக்கியிருந்தால் கோட்டின் பள்ளத்துக்குள்ளும் பழைய நீலம் ஒட்டியிருக்கும், மேடு தேய்ந்து வெளுத்த இடத்தில்கூடப் பள்ளம் நிறத்தைக் காப்பாற்றி வைத்திருக்கும். சாதாரணத் துப்பாக்கியை வாங்கிப் பின்னால் யாரோ செதுக்கியிருந்தால் பள்ளத்துக்குள் வெள்ளை இரும்பு பல்லிளிக்கும். அதை மறைக்க முழுசாக மெருகு போட்டுப் புதுப் பூச்சு கொடுத்திருந்தால், எழுத்துகளின் விளிம்பு மழுங்கி, தட்டையான பரப்பு லேசாகக் குழிந்திருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் குழலின்மேல் குத்தியிருக்கும் கோல்ட் முகவரி வரி அலையடிக்கும்.

கடைசியாகப் பெட்டி. எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பெட்டிகளில் இரண்டு வகை. ஆங்கிலேய வழக்கில் உள்ளே பலகைத் தடுப்புகள், ரிவால்வருக்கு ஓர் அறை, குண்டு வார்க்கும் அச்சுக்கு ஓர் அறை, மருந்துக் குடுவைக்கு ஓர் அறை, கேப் டப்பாவுக்கு ஒரு மூலை. பிரெஞ்சு வழக்கில் ஒவ்வொரு சாமானின் வடிவத்துக்கும் குடைந்த பள்ளம், மேலே வெல்வெட். எந்த வகையானாலும் நூற்றைம்பது வருஷம் கனமான இரும்பு கிடந்த துணி பேசும். சுத்தியின் முனை பட்ட இடத்தில் வெல்வெட் நசுங்கி மினுங்கும். எண்ணெய்க் கறை குழலின் நீளத்துக்கு ஓடும். துப்பாக்கி மூடியிருந்த பகுதி நிறம் மங்காமல் நிழல் மாதிரித் தெரியும். அந்த நிழலுக்குள் துப்பாக்கியை வைத்துப் பார்க்க வேண்டும். நிழல் ஒரு பக்கம், துப்பாக்கி ஒரு பக்கம் என்று விலகி நின்றால் இவை இந்தப் பெட்டியில் வாழவில்லை. வேறு வேறு இடத்தில் கிடைத்த இரண்டையும் ஒரு பழைய பெட்டியையும் கூட்டிச் சேர்த்து ஜோடி என்று விற்பது நடப்பில் உள்ள வியாபாரம்தான். துப்பாக்கிகள் அசல், பெட்டி அசல், உறவு மட்டும் போலி.

சந்தை எதற்குப் பணம் கொடுக்கிறது என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. 2018-ல் அதே ஏல நிறுவனத்தில், பெட்டியோடு இருந்த ஒரு வாக்கர் ரிவால்வர் 18 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போனது. செதுக்கல் எதுவும் இல்லாத ஒற்றைத் துப்பாக்கி. பெட்டியும் நிலைமையும் அரிதானவை என்பதே காரணம். அமெரிக்க மேற்கின் பேர்போன கொள்ளைக்காரன் பில்லி தி கிட்டைச் சுட்டுக் கொன்ற ஷெரிஃப் பாட் காரெட்டின் துப்பாக்கி 2021-ல் 60 லட்சம் டாலரைத் தாண்டியது. அது சாதாரண வேலை, பெட்டியும் இல்லை, கதை மட்டுமே. கிராண்டின் ஜோடியில் கதை, வேலைப்பாடு, பெட்டி மூன்றும் ஒரே இடத்தில் இருந்தன. 12406-ம் 12407-ம் விலைக்கு வரப்போவதில்லை, இரண்டும் அருங்காட்சியகச் சொத்து. ஆனால் வேலைப்பாட்டை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லச் சொன்னால் நான் கோல்ட்டின் ஜோடியைத்தான் மேலே வைப்பேன். தந்தத்தில் முகம் செதுக்குவதைவிட இரும்பில் தங்கத்தை நிற்க வைப்பது கஷ்டம்.

இங்கே வாங்கலாமா என்று யாராவது கேட்பார்கள் என்பதற்காக ஒரு வார்த்தை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் 1898 வரை செய்தவை பழம்பொருள் கணக்கு. இந்தியாவில் வயது மட்டும் போதாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு பழங்கால ஆயுதத்துக்கு விலக்கு தருவது, பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் அது இருந்தால்தான். கேப் ரிவால்வர் நல்ல நிலையில் இருந்தால் இன்றும் சுடும். தந்தப் பிடி என்றால் வன உயிர்ச் சட்டம் தனியாக வந்து நிற்கும்.

மறுபடி அந்த இரண்டுக்கே வருகிறேன். எண்ணும் தங்கமும் இவை ஜோடி என்கின்றன. ஆனால் இதுவரை சொன்ன சோதனைகளில் பாதியை இவற்றின்மீது செய்து பார்க்க, இரண்டும் ஒரே மேசையில் இருக்க வேண்டும். அப்படி ஒரு நாள் வாய்த்தால் நான் வாஷிங்டனைப் பார்க்க மாட்டேன். இரண்டையும் கவிழ்த்து எண்களைப் பக்கம் பக்கமாக வைப்பேன். அந்தக் காலத்தில் எண் போட்டது ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு முளை வைத்துச் சுத்தியால் அடித்துத்தான். ஒரே ஆள் அடுத்தடுத்து அடித்திருந்தால் முளையின் தேய்மானமும் இலக்கத்தின் சாய்வும் இரண்டிலும் ஒன்றாக இருக்கும்: 1, 2, 4, 0 வரை ஒரே கை, அப்புறம் 6-ஐக் கீழே வைத்துவிட்டு 7-ஐ எடுத்த இடம்.